சுவருக்கு அப்பால் ஓர் 'இல்'

முதல் பத்து நாள்
அடுத்த வீட்டில் மூன்று பேர் என்றுதான் எண்ணியிருந்தேன்:
மரிவோன், அவள் கணவன் க்வெனோலே,
எந்நேரமும் ஏவிக்கொண்டிருக்கும் இன்னொருவன்.

லோரியாந்தில் சுவர்கள் மெல்லியவை,
குண்டு விழுந்த ஊரில் அவசரமாய் எழுப்பியவை.
விடியுமுன் மூன்று மணிக்கே கேட்கும்:
இல் ஃபோ, பால் வாங்கியாகணும்.
இல் ஃபோ, மாத்திரை போட்டாகணும்.
இல் ஃபோ, படகு முதலாளிக்குப் பதில் சொல்லியாகணும்.

'இல்' என்றால் அவன்.
எவன்?
அகராதி கைவிரித்தது: எவனும் இல்லை.
மழை பெய்கிறது என்பதற்கும் அவன்தான் வருவானாம்,
நனைய மட்டும் மாட்டான்.

என் மொழியில் இல் என்றால் வீடு.
இல் என்றால் இல்லாமை.
இரண்டும் பொருந்தித்தான் போயின:
ஆளே இல்லாத ஓர் ஆள்
ஆளும் வீடு.

போகப்போக அவனையும் விழுங்கிவிட்டார்கள்.
வெறும் ஃபோ.
மீன் ஏலக்கூடத்தில் ரப்பர் பூட்ஸோடு மரிவோன்
பெட்டிகளை எண்ணுவாள்: ஃபோ, ஃபோ, ஃபோ,
ஈரவிறகை ஊதுவதைப் போல.

வேலை முடிந்து காப்பிக் கடையில்
"ஃபோ க ஜி ஆய்" என்பாள். போயாகணும்.
சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பாள்.
எழுந்து நின்று இன்னொரு தடவை.
கதவுப் பிடியில் கைவைத்து மூன்றாம் தடவை.
அந்தச் சொல்லுக்கு
ஒருவரையும் கிளப்பும் பலமில்லை.

காசு கொடுக்கும்போது மட்டும் வேறு சொல்:
"ஜ துவா..." எவ்வளவு தரணும் நான்?
கடனுக்கும் கடமைக்கும் அவர்களுக்கு ஒரே வினை.
சிரித்துக்கொண்டேன்,
காலைக்கடனும் கடைக்கடனும்
நமக்கும் ஒரே கடன்தானே.

நவம்பரில் ஒரு ராத்திரி
சுவருக்கு அப்பால் க்வெனோலேயின் குரல்.
ஆறு மாதமாய்க் கடலுக்குப் போகாத குரல்.
"ஜ துவா த ல தீர்."
உன்னிடம் நான் இதைச் சொல்லியாகணும்.

அவன் இல்லை. ஏவுவதற்கு எவனும் இல்லை.
நான்.
அந்த வீட்டின் ஒரு வினைக்கு
முதல் தடவையாக உடையவன் வந்திருந்தான்.

பிறகு யாரோ ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள்.
அவன் சொன்னது என்னவென்று எனக்குத் தெரியாது.
தெரிந்துகொள்ள வேண்டும்.
வேண்டும் என்பதில் எது கட்டாயம், எது ஆசை என்று
என் மொழி எனக்குப் பிரித்துக் கொடுத்ததில்லை.

மூன்று மணி. படிக்கட்டில் மரிவோன்,
பூட்ஸைக் கையில் தூக்கியபடி, வெறும் காலுறையோடு.
இமைகள் வீங்கியிருந்தன.
இன்றைக்குமா வேலை? என்றேன்.
"ஃபோ பியான்" என்றாள்.
ஆகணுமே.

கீழ்க்கதவைத் திறந்தாள். மழை.
அவன்தான் பெய்துகொண்டிருந்தான்,
யாருமாக இல்லாமல்.