பின்கண்ணாடி

பகலில் எனக்குப் பத்து வயதுக் கார்களோடு வேலை.
சின் மிங் சாலைப் பட்டறையில்
ஆயுள் முடிந்தவற்றின் எண்பலகையைக் கழற்றி
கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.
இந்தத் தீவில் பதினோராம் பிறந்தநாள் கொண்டாட
காருக்கும் காசு வேண்டும்.

இரவில் வருபவை வேறு.
யாரோ யாரிடமோ சொல்லி
என் கைபேசிக்கு வந்து சேரும் பழைய படங்கள்.
தம்பி, இது என்ன காருன்னு தெரியுமா?
எல்லாருக்கும் முதலில் அது ஆஸ்டின்தான்.
ஆஸ்டினாக இருப்பது ஏழில் ஒன்று.

முழுக் காரை எவரும் எடுத்ததில்லை.
மாமாவின் இடுப்புக்குப் பின்னால் ஒரு மட்கார்டு,
முந்தானை மூடாமல் விட்ட முக்கால் விளக்கு,
எண்பலகையில் ஓர் எஸ்,
பிறகு ஒரு கால்சட்டை,
பிறகு 41.
போதும்.
மோரிஸ் மைனரின் முன்கண்ணாடி நடுவே கம்பி ஓடினால்
ஐம்பத்தாறைத் தாண்டியிருக்காது.
வோக்ஸ்வாகனின் முதுகில் முட்டை வடிவச் சன்னல் என்றால்
நான்கைந்து வருடத்துக்குள் அடக்கிவிடலாம்.
சக்கர மூடியின் பளபளப்பில் சில சமயம்
படம் பிடித்தவரே நிற்பார்,
தலை சிறுத்து, தொடை பெருத்து.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்.
பாதிப் படங்களில் கார் அவர்களுடையது அல்ல.
எவனோ நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறான்.
இவர்கள் சட்டையை இழுத்துவிட்டுச் சாய்ந்துகொள்கிறார்கள்.
ஒருவர் கைப்பிடியில் விரல்கூட வைத்திருந்தார்,
இதோ திறக்கப்போவதுபோல.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.

செங்கமலம் அக்கா நேரில் வந்தார்.
தோ பாயோ கோப்பிக்கடை, மழை விட்ட மாலை.
பிளாஸ்டிக் உறைக்குள் படம்.
பெருமாள் கோயிலுக்கு எதிரே
மாலையும் கழுத்துமாக அவரைப் பெற்றவர்கள்,
அவர்களுக்குப் பின்னால் இரண்டு நிறக் கார்.
புரட்டினால் நீல மசியில் அப்பாவின் எழுத்து:
கல்யாணம், 1957.
"பேரு மட்டும் சொன்னாப் போதும்.
மகன் சட்டம் போட்டு மாட்டப் போறான்."

பின்கண்ணாடி மேலே நீண்டு
கீழே உள்வாங்கியிருந்தது,
முகம் திருப்பிக்கொண்டவர்களின் மோவாய்போல.
பக்கத்தில் உருண்ட பெரிய கண்ணும் தெரிந்தது.
சந்தேகமே இல்லை.
அது ஆலையை விட்டு வெளியே வந்ததே
ஐம்பத்தொன்பதின் கடைசியில்.
கப்பலேறி இங்கே இறங்க அறுபது ஆகியிருக்கும்.

"ஃபோர்டு ஆங்கிலியா" என்றேன்.
"எந்த வருஷத்துது?"
கோப்பியை ஒரு மடக்கு இழுத்தேன். நாக்கு வெந்தது.
மனிதர்களைப் பற்றி எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன்.
கார் விஷயத்தில் எனக்கு வராது.
சொல்லிவிட்டேன்.

அவர் மேசைமேல் விரல்களை விரித்தார்.
ஐம்பத்தெட்டு தையில் பிறந்தவர்.
கட்டைவிரலில் தொடங்கிய கணக்கு
சுட்டுவிரலிலேயே நின்றுவிட்டது.
பக்கத்து மேசையில் யாரோ போத்தல் திறந்தார்கள்.
"அப்ப நான் எங்க?"
கோபமில்லை.
பேருந்தில் விட்டுவிட்ட குடையை
விசாரிப்பதுபோல் கேட்டார்.

அதன் பிறகுதான் இருவரும் பார்த்தோம்.
காரின் பக்கக் கண்ணாடியில்,
இருக்கை விளிம்புக்குச் சற்று மேலே,
வெள்ளையாய் ஒன்று.
வானமாக இருக்கலாம்.
எதிர்க்கடைப் பலகையாக இருக்கலாம்.
இரண்டு வயசு நெற்றியாகவும் இருக்கலாம்.
உருப்பெருக்கியை வைத்தேன்.
புள்ளிகள்.
இன்னும் கிட்டே போனேன்.
பெரிய புள்ளிகள்.
முன்கிராதியின் கம்பிகளை எண்ண முடிகிறது,
அம்மாவின் மாலையில் ஒரு பூ உதிர்ந்த இடம் தெரிகிறது,
இது மட்டும் பிடிபடவில்லை.

மகனுக்காக ஒரு துண்டுத்தாளில்
காரின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.
வருடம் எழுதட்டுமா என்று கேட்கவில்லை.
அவர் படத்தை உறைக்குள் செருகினார்,
மறுபடி உருவினார்,
அந்த வெள்ளைமேல் விரலை வைத்தார்.

"கண்ணாடிய இறக்கி விட்டிருக்கலாம்" என்றார்,
"உள்ள ரொம்பப் புழுங்கியிருக்கும்."