மார்பு உயரத்தில் சுற்றளவு

செக்கானூரணி தாண்டி மூன்றாவது கிலோமீட்டர்.
மரங்களை எண்ணிவர
நீதிமன்றம் என்னை அனுப்பியிருக்கிறது.
வழக்கறிஞர் ஆணையர் என்று பெயர்.
கட்டணம் பதினைந்தாயிரம், மனுதாரர் கட்ட வேண்டும்.
மனுதாரர் அங்குச்சாமி,
முப்பது வருடம் இந்தத் தடத்தில் விசில் ஊதிய நடத்துநர்,
மஞ்சள் பையிலிருந்து எடுத்துத் தந்ததில்
பாதி ஐம்பது ரூபாய்த் தாள்கள்.

டேப்பின் ஒரு முனை என்னிடம்.
மறுமுனையோடு தலையாரி காசிமாயன்
மரத்துக்குப் பின்னால் போய்
ஒரு நொடி காணாமல் போகிறார்,
அந்தப் பக்கமாக வருகிறார்.
புளி, இரண்டு மீட்டர் எண்பது.
புளி, மூன்று பத்து.
வேம்பு, ஒன்று நாற்பது. பஞ்சர் கடைக்காரர்
அடித்த ஆணியில் டியூப் தொங்குகிறது.
ஆணியையும் எழுதுங்க என்கிறார் உதவிப் பொறியாளர்,
ஏற்கெனவே சேதமான மரம் என்று வர வேண்டுமாம்.
எழுதினேன்.

வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பு எண்கள்.
புளியம்பழ ஏலத்துக்கும் இதே எண்,
வெட்டுவதற்கும் இதே எண்,
தடை உத்தரவிலும் இதே எண்.

முப்பத்தொன்றில் டேப் நின்றது.

உத்தரவு, வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு.
நகல் கைக்கு வந்தது திங்கள்.
நடுவில் சனி, ஞாயிறு.
கோர்ட்டுக்கு விடுமுறை.
ரம்பத்துக்கு இல்லை.

முப்பத்தொன்று முதல் நாற்பது வரை
தரையோடு பத்துத் தட்டுகள்.
நடுவில் கறுத்த வைரம், இன்னும் ஈரம்.
எறும்புகள் வரிசை மாறாமல் ஏறி
உச்சி இவ்வளவுதானா என்று திரும்புகின்றன.

படிவம் கேட்பது
மார்பு உயரத்தில் சுற்றளவு.
காசிமாயன் பழக்கத்தில் சுற்றி வந்தார்.
அவர் மறையவேயில்லை.
எங்கள் இருவருக்கும் நடுவே
டேப் தொய்ந்து கிடந்தது.
"என்ன எழுத, மேடம்?"

'பொருந்தாது' என்று எழுதி
அடித்தேன்.
அங்குச்சாமியைக் கேட்டேன்.
"மூணு பேர் கைகோத்தாலும்
கடைசி விரல் எட்டாதும்மா."
இதை அளவென்று எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார்.
மனுதாரர் கூற்று என்று தலைப்பிட்டு
விரலோடு சேர்த்து எழுதினேன்.

பட்டியல் அறுபத்தொன்றில் முடிகிறது.
ஓடைப் பள்ளத்தை ஒட்டி
இன்னொன்று நிற்கிறது, இலுப்பை.
எண் இல்லை. ஆகவே தடையும் இல்லை.
பேனாவைத் திறந்தேன்.
"அத விட்ருங்கம்மா" என்றார் காசிமாயன், தணிந்த குரலில்.
"நம்பர் போட்டதுதானே போச்சு."
பொறியாளர் ஜீப்பில் போன் பேசிக்கொண்டிருந்தார்.
அவர் பார்வைக்கும் மரத்துக்கும் நடுவில்
நான் கொஞ்சம் நகர்ந்து நின்றேனா,
தற்செயலா,
தெரியவில்லை.

ஒத்தக்கடை பஸ்ஸில் கோப்பைப் பிரித்தால்
உள்ளே எப்படியோ ஒரு இலுப்பைப் பூ.
கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே
ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.
அங்கேதான் நசுங்கி ஈரம் இறங்கியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தாக்கல் செய்ய வேண்டும்.