கையுறைக் கைதட்டல்

பிப்ரவரி மூன்றாம் வாரம்.
லூலியோவில் கடல் இப்போது ஒரு சாலை.
தீவுக்காரர்கள் அதன்மேல் கார் ஓட்டி வருகிறார்கள்.
நடுக்கடலில் நின்று நாய்கள் காலைத் தூக்குகின்றன.
ஆம்ப்ளிஃபையரைச் சறுக்குவண்டியில் கட்டி, போர்வை போர்த்தி,
ஒரு காலால் உதைத்து உதைத்து வருகிறார் இங்வே,
காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறவர் மாதிரி.

சுவரொட்டியில் விழா என்றுதான் போட்டிருக்கிறது.
மூன்று இரவு. நூலகம், நீச்சல்குளம், தீயணைப்பு நிலையம்,
போன வருடம் மூடிய செருப்புக்கடை,
பிறகு வடக்குத் துறைமுகத்தின் இந்தப் படகுக் கொட்டகை.
வாசலில் நான்.
வருகிறவர் மணிக்கட்டில் முத்திரை குத்த வேண்டும்.
கரடிப் படம்.
மை உறைந்துவிடும் என்பதால்
மைப்பெட்டி என் அக்குளில் இருக்கிறது.
பன்னிரண்டு வருடமாக இதே வேலை,
சம்பளம் ஒரு கிண்ணம் சூப்.

எல்லாரையும் தெரியும்.
சின்ன ஊரின் வசதி அது, தொல்லையும் அதுவே.
என் முன்னாள் கணவர் வந்தார். பின்னால் அவருடைய புது மனைவி.
இருவருக்கும் ஆளுக்கொரு கரடி.
அவளுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்திக் குத்திவிட்டேன்.

டிரம்ஸுக்குப் பின்னால் யால்மர்,
செவ்வாய்க்கிழமை என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர்.
பாடுகிற சோல்பிரிட்டுக்கு இரும்பாலையில் கணக்கு.
பேஸ் கிதார் குன்வோர்,
நகராட்சியின் பனிவாரி வண்டியை ஓட்டுகிறவள்.

ஏழரைக்கு ஹீட்டர் இருமியது. ஏழே முக்காலுக்கு நின்றது.
யாரும் எழுந்து போகவில்லை, யாரும் கையுறையைக் கழற்றவுமில்லை.
முதல் பாட்டு முடிந்தபோது
நூற்றிருபது பேர் கைதட்டினோம்.
பஞ்சு மெத்தைமேல் தூறல் விழுந்த மாதிரி இருந்தது.
சோல்பிரிட் சிரித்துவிட்டாள்.
அப்புறம் எவரோ பூட்ஸால் தரையை உதைக்க,
எல்லாரும் உதைக்க,
பலகைக்குக் கீழே உறைந்த கடல்
ம்ம்ம் என்றது.

நான்காவது பாட்டின் நடுவில்
குன்வோரின் தொலைபேசி ஆம்ப்ளிஃபையர் மேல் நகர்ந்து நகர்ந்து
கீழே விழுந்தது.
கிதாரை இறக்கி வைத்தாள். ஆரஞ்சுச் சட்டையை மாட்டினாள்.
'பனி' என்றாள், அவ்வளவுதான்.
இந்த ஊரில் அதற்குமேல் விளக்கம் கேட்பதில்லை.

பேஸ் இல்லாத பாட்டு
ஒரு கால் குட்டையான மேஜை.
இங்வே ஏதேதோ முட்டுக்கொடுத்துப் பார்த்தார்.
சோல்பிரிட் கண்ணை மூடிக்கொண்டாள்.
நான் சூப்பைப் பார்த்தேன்.

துறைமுகத் தெருவின் கோடியில் அது கேட்டது.
முதலில் கேட்டவர் யால்மர்,
துளைக்கருவியின் சுருதியை முப்பது வருடம் கேட்ட காது.
குச்சிகளை உயர்த்தியபடியே நின்றார்.
இரும்புத் தகடு தெருவை உரசிக்கொண்டு,
தாழ, இன்னும் தாழ,
நெஞ்செலும்பில் வந்து உட்கார்கிற ஒரே ஒரு சுரம்.
ஜன்னல்கள் நடுங்கின.
மஞ்சள் விளக்கு உத்தரத்தில் ஏறிச் சுற்றியது.
சோல்பிரிட் குரலை அரைச் சுருதி இறக்கி
வண்டியின்மேல் வைத்தாள்.
மேஜை நின்றுவிட்டது.

கடந்து போனாள். போனது போனதுதான் என்று நினைத்தோம்.
திரும்பி வந்தாள்.
வாரிய தெருவையே மறுபடி வாரினாள்.
மூன்றாவது முறையும்.
அவளுக்கு உள்ளே பாட்டு கேட்டிருக்க வழியே இல்லை,
ஆனாலும் கடைசிச் சரணத்துக்குச் சரியாக
தகட்டைத் தூக்கினாள்.

என் முன்னாள் கணவர்தான் முதலில் கையுறையைக் கழற்றினார்.
மைனஸ் இருபத்தாறு.
வெறும் கையில் தட்டினால் வலிக்கிறது.
வலிக்கத் தட்டினோம்.

திங்கட்கிழமை வங்கியில்
பணம் எண்ணித் தந்தவரின் சட்டைக்கை விலகியபோது
அரைக்கரடி எட்டிப் பார்த்தது.
அவரும் என் கையைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர்ப் பத்திரிகையில் ஒரு புகார்:
சனி இரவு மேட்டுத்தெருவில் விடியும்வரை பனி வாரவில்லையாம்,
துறைமுகத் தெருவை மட்டும் மூன்று தடவை வாரினார்களாம்,
டீசல் யார் வீட்டுக் காசு என்று கேட்டிருந்தார்.
நியாயமான கேள்வி.
எழுதியவரை எனக்குத் தெரியும்.
அவர் மணிக்கட்டை மட்டும்
இதுவரை பார்த்ததில்லை.