மணல் தட்டு

ஐந்தரைக்குப் பிக்கப் வரும்.
சுகிர்தா மகனை நித்திரையோடு
என் தோளுக்கு மாற்றிவிட்டு ஓடுவாள்.
மூக்கில் சளி. ஒரு காலில்தான் செருப்பு.

எட்டுக்குப் பயற்றங்கஞ்சி,
அதில் பாதி லக்சியாவின் தலையில்.
பிறகு தண்ணீர்ப் பேசின்:
சிரட்டை, மூடி, ஓட்டைப் போத்தல்.
ஊற்றுவார்கள், நிறையாது, திரும்ப ஊற்றுவார்கள்.
எனக்குத்தான் அலுக்கும்.

மிதுசன் மணல் தட்டை விட்டு அசையான்.
மூன்று தரம் நானே அரித்த மணல்.
உள்ளே புளியங்கொட்டை, சோடா மூடி,
சிவப்புப் பொத்தான் ஒன்று.
முழங்கைவரை விட்டுத் துழாவுவான்.
ஏதும் அகப்பட்டால் "இந்தா!" என்பான்,
மாங்குளம் சந்திக்கே கேட்கும்.

பின்னேரம் சுகிர்தா வந்தாள்,
கண்ணிவெடி எடுக்கிற உடுப்போடு,
முழங்காலில் செம்மண்.
அவன் நகங்களைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
தட்டருகே குந்தி
ஓரத்திலிருந்து, மெல்ல,
ஒரு விரல் வைத்தாள்.

அவன் சிரித்துக்கொண்டு
அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து
அடிவரை அமத்தினான்.

புளியங்கொட்டை.

ஐந்து மணிக்குப் பூட்ட வேணும்.
அண்டைக்கு நான் திறப்பைத் தேடவே இல்லை.