தனி அறை

பிரசவ வலியோடு வந்தவளிடம்
முதல் கேள்வி:
வீட்டில் பன்றி வளர்க்கிறீர்களா?

ஆயிரத்து இருநூறு என்றேன்.
குட்டிகளைச் சேர்க்காமல் என்று
திருத்தினான் வௌட்டர்.

உடனே தாழ்வாரம் மாறியது.
இரட்டைக் கதவு.
ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும்.
மூக்கில் ஒரு பஞ்சுக்குச்சி, தொண்டையில் ஒன்று.
பிராபாண்டில் பன்றிக்காரர் எல்லோருக்கும் இதுதான் வழக்கம்,
கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றாள் செவிலி.
அவளுக்குக் கண்கள் மட்டும் இருந்தன.

லீஸ்பெத் பிறந்து பார்த்த முகங்களில்
என் முகம் ஒன்றில்தான் வாய் இருந்தது.

மருந்துக்கு மசியாத கிருமி
என் மூக்கில் குடியிருந்தது.
எனக்கு நோயில்லை.
வாடகை தராத குடித்தனம், அவ்வளவுதான்.
மருந்தைத் தின்று செரிக்க
அது எங்கே கற்றுக்கொண்டது என்று
யாரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரியும்.
தண்ணீர்க் குழாயோடு இணைத்த நீல டப்பா.
பால் மறக்கடித்த முதல் வாரம்
மொத்தக் கொட்டகைக்கும் ஒரே அளவு.
இருமியதற்கும் இருமாததற்கும்
இலைக்கு உப்பு வைப்பதுபோல, கேட்காமலே.

கால்நடை மருத்துவர் ஃபெம்கே வந்தபோது
சீட்டு எழுதப் பேனாவை நீட்டினேன்.
அவளோ ஒரு புகைக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு
முழங்காலில் இறங்கினாள்,
குட்டிகள் படுக்கும் உயரத்துக்கு.

நின்று பார்த்தால் காற்றே இல்லாத கொட்டகை.
அங்கே, தரையிலிருந்து ஒரு முழத்தில்,
நேராக எழுந்த புகை
யாரோ பிடித்து இழுத்ததுபோல்
பக்கவாட்டில் ஓடியது.
"உங்கள் இருமல் இதுதான்."
கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி.

பதினோரு வருடமாக
ஒரு கதவிடுக்குக்கு மருந்து கொடுத்திருக்கிறோம்.

அப்புறம் எல்லாம் சின்ன வேலை,
முடியாத வேலை.
கொட்டகைக்கு ஒரு நிறமாக பூட்ஸ்.
சினையிலேயே தாய்க்குத் தடுப்பூசி,
சீம்பாலில் அது குட்டிக்கு இறங்க.
பால் மறக்கடிக்க இன்னும் ஒரு வாரம் பொறுத்தோம்.
கழுவிய அறையை எலும்பாய்க் காயும்வரை காலியாக விட்டோம்.
காலி அறைக்கும் வங்கி வட்டி கேட்கும் என்று
முணுமுணுத்த வௌட்டர்
கணக்கு நோட்டின் மேலேயே தூங்கிப்போனான்.
உங்கள் பன்றிகளுக்கு யோகாவும் சொல்லிக்கொடுங்கள்
என்றான் பக்கத்துப் பண்ணை டூன்.

முதல் இலையுதிர் காலத்தில்
முப்பத்தொரு குட்டிகள் போயின.
நள்ளிரவில் ஸ்பானரோடு போய் நின்றேன்
நீல டப்பாவை மறுபடி மாட்ட.
துருப்பிடித்த திருகு அசையவில்லை.
மல்லுக்கட்டி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.
விடிந்ததும் போய்ப் பார்த்தால்
அன்றைக்கு ஒன்றும் சாகவில்லை.
உண்மையைச் சொன்னால் நடந்தது அவ்வளவுதான்.
கொள்கை எல்லாம் பிறகு வந்தது.

மருந்தே தொடுவதில்லை என்று சொல்லமாட்டேன்.
போன செவ்வாய்க்கிழமை,
காதில் 4417 என்று எண் தொங்கும் ஒரு பெட்டை
மூட்டு வீங்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.
ஃபெம்கேயைக் கூப்பிட்டேன்.
அந்த ஒரு பன்றிக்கு மட்டும் ஊசி,
அவள் சொன்ன நாள்வரை, ஒரு வேளை தவறாமல்.
நோட்டில் எண்ணைக் குறித்தேன்.
நான்காம் நாள் எழுந்து வந்து
என் பூட்ஸைக் கடித்தது.
ஊசி வேலை செய்கிறது என்பது
இந்த வீட்டில் இப்போது ஒரு செய்தி.

இரண்டாவது பிரசவம்.
அதே கேள்வி. அதே இரட்டைக் கதவு.
பத்தில் எட்டுப் பங்கு குறைத்துவிட்டோம் என்றேன்,
பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி.
செவிலி தலையசைத்தாள்.
கையுறையைக் கழற்றவில்லை.
சரிதான்,
என் நோட்டைப் படிக்கக் கிருமிக்குத் தெரியாதே.

பஞ்சுக்குச்சியின் முடிவு நாளை மறுநாள்.
பையன் தூங்குகிறான்.
அறையில் எங்கிருந்தோ சில்லென்று வருகிறது.
தையல் இழுக்க, மெல்லக் குனிகிறேன்
தொட்டிலின் உயரத்துக்கு,
புறங்கையை நாக்கால் நனைத்து நீட்டுகிறேன்
சன்னலுக்குக் கீழே,
கதவுக்குக் கீழே.