குஞ்சப்பனையில் நின்ற பேருந்து

கீழ் வளைவில் யானைகள் நிற்கின்றன என்றார்கள்.
எஞ்சின் அணைந்தது.
பையிலிருந்த காந்தப் பலகையை
போனட்டின் மேல் விரித்தேன்.
சூடு இன்னும் ஆறவில்லை.

ஓட்டுநர் போஜனுக்கு வெள்ளை.
நடுவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்
ஓரத்துக் குதிரைக்கு முன் நின்ற சிப்பாயை
ஒரு கட்டம் நகர்த்தினார்.
அந்த இடுக்கில் மந்திரியைச் செருகினார்.
"நடுரோட்டுல நீங்க நில்லுங்க சார்,
நான் சுத்தி வர்றேன்."
இருபத்திரண்டு வருடம் மலையில் ஓட்டுகிறவர்.
நேர்ச்சாலை என்றால் தூக்கம் வருமாம்.

நான் மருந்துக் கம்பெனி ஆள்,
நேர்ச்சாலைக்காரன்.
இரண்டு சிப்பாய்களை நடுவில் நிறுத்தி
மேட்டுப்பாளையத்தையே வளைத்துவிட்டதுபோல்
சாய்ந்து உட்கார்ந்தேன்.
ஆசை விடவில்லை.
ஒன்றை மேலும் ஓர் அடி தள்ளினேன்.

மூலைக்கு மூலை வழி திறந்தது.
என் யானைக்கு இனி
ஒற்றைச் சிப்பாய்தான் காவல்.
நான் பார்க்கவில்லை.
அவரும் பார்க்கவில்லை.
மூன்று முறை மாறி மாறி
வேறெங்கோ சண்டை போட்டோம்.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்த கண்டக்டர் சிராஜுதீன்
இருமினார்.
பனி என்று நினைத்தோம்.

"போலாம்!"
வாட்சர் டார்ச்சை ஆட்டினார்.
பலகை என் மடிக்கு வந்தது.
ரோட்டில் பிளந்த பலாப்பழம், ஆவி பறக்கும் சாணம்.
நாலாவது வளைவு திரும்பும்போது
போஜன் ஸ்டியரிங்கில் அறைந்தார்:
"அய்யோ சார், உங்க மூல யானை!"

அப்போது என் முறை.
சத்தமில்லாமல்
குதிரையை எடுத்துக் குறுக்கே வைத்தேன்.
மேலே கண்ணாடியில்
இரண்டு கண்கள்
ரோட்டைப் பார்க்கவில்லை.