மூன்று பத்திகள்

கணக்கு எழுதியது நான்தான்.
பஸ்தாசா ஆற்றின் வளைவில், படகுத்துறைச் சேற்றில்
கவிழ்த்துப்போட்ட பெட்ரோல் பீப்பாய் என் மேசை.
பள்ளிக்கூட நோட்டு.
நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே.

பால்சா மரம்.
வெட்டிய அன்று தண்ணீர் குடித்துக் கனக்கும்.
வெயிலில் கிடந்தால் போதும்,
ஆள் நீளத் துண்டை ஒரு தோளில் போட்டு
மறுகையில் போனைப் பார்த்தபடியே வருவான்
என் தம்பி வாஷிகியாத்.

வாங்க வந்தவர் செவேரோ லாண்டாசுரி.
முதல் நாள் ரொட்டி இறக்கினார், சாராயம் இறக்கினார்,
எட்டு மின்ரம்பம் இறக்கினார்.
பிறகு போனில் ஒரு கடலைக் காட்டினார்.
சாம்பல் கடல். அதில் வெள்ளைத் தூண்கள்,
தலைக்கு மூன்று இறக்கை.
"அந்த இறக்கையின் வயிற்றுக்குள்ளே
உங்கள் மரம்தான் இருக்கிறது.
புகை இல்லை. கரி இல்லை."
எங்கள் ஊர் ஜெனரேட்டர் அப்போதுதான்
இருமிக்கொண்டு நின்றது;
இரவுக்கு இரண்டு மணி நேர டீசல், அவ்வளவுதான்.
"அந்த மின்சாரம் இங்கே வருமா?" என்றாள் மமாய்ஸ்.
அவர் சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டோம்.
கையைக் கட்டி யாரும் வெட்டச் சொல்லவில்லை,
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.
முதலில் தீவு. பிறகு இரு கரை.
பிறகு கூஹாவின் எல்லைக்குள், கேட்காமல்.
கூஹா இன்றுவரை எங்கள் வாசலில் நிற்பதில்லை.
டாலர் வந்தது: படகுக்கு எஞ்சின்,
பள்ளிக்குத் தகரக் கூரை,
எனக்கு, நகரத்தில், வலித்த கடைவாய்ப்பல் போனது.

பால்சா இரவில் பூக்கும்.
கையகலக் கிண்ணம், அடியில் ஒரு மிடறு தேன்.
வேறெதுவும் பூக்காத மாதங்களில்
வௌவாலும் குரங்கும் குசும்போவும்
முகம் நனைய நனையக் குடித்துப் போகும்.
அந்த ஆகஸ்டில் தீவில் பூ இல்லை.
சுருள்வால் குசும்போ ஒன்று
துறையில் அடுக்கிய கட்டைகளின் மேல்
விடியும்வரை ஏறிற்று, இறங்கிற்று,
வெட்டுவாயை முகர்ந்து முகர்ந்து பார்த்தது.
டார்ச் அடித்தேன். இரண்டு ஆரஞ்சுக் கண்கள்.
என் நோட்டில் மூன்று பத்திகள்:
எண், நீளம், விலை.
அதை எதில் எழுத?

மறு ஆண்டு படகு வரவில்லை.
குரல்செய்தி வந்தது, பின்னணியில் ஒரு சேவலோடு:
தொழிற்சாலைக்காரர்களுக்கு
இனி பிளாஸ்டிக் நுரையே போதுமாம்.
கரையில் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டுக் கட்டைகள்.
காளான் முளைத்தது.
ஏப்ரல் வெள்ளம் ஒரே இரவில் அள்ளிப் போனது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாமே.
அளந்துதான் வைத்திருந்தேன்.

அந்தக் கடலில் இறக்கைகள் சுற்றிக்கொண்டிருக்கும்.
அதனால் எங்கோ ஒரு புகைபோக்கி அணைந்திருக்கலாம்.
இந்த வருட மழை நாள் தவறாமல் வந்ததற்கு
அதுகூடக் காரணமாயிருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
தெரிந்த ஒருவரும் இந்தத் துறைக்கு வந்ததில்லை.

காற்றை மட்டும் என்னால் வைய முடியவில்லை.
கோணல் என்று லாண்டாசுரி கழித்துவிட்ட ஒற்றை மரம்
போன மாதம் காய் வெடித்தது.
பழுப்புப் பஞ்சு, ஆற்றின் குறுக்கே,
விதையைத் தூக்கிக்கொண்டு பறந்தது.
இப்போது மொட்டைத் தீவில்
முழங்கால் உயரத்துக்கு அகல அகல இலைகள்.

வாஷிகியாத் படகை நிறுத்திப் பார்த்தான்.
"நாலு வருஷம்" என்றான், வாய்க்குள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நோட்டில் இன்னும் ஒன்பது பக்கம்
எழுதாமல் கிடக்கிறது.